அன்னைக்கா, மறுநாளா

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
ஆறு வருஷம் சதை பிரித்தேன்.
வெள்ளை விளக்கில் எல்லாச் சதையும் சுத்தம்.
தட்டை நீல விளக்கின் கீழே தள்ளினால்தான்
ஓட்டுச் சில் மினுங்கும்,
நகக்கண் அளவு, மணல் அளவு.
ஒன்று தப்பினாலும் டப்பா திரும்பி வந்துவிடும் என்பார்
சூப்பர்வைசர் சேதுராசன்.

என்னை மட்டும் எல்லாரும்
வெள்ளை விளக்கில்தான் பார்த்தார்கள்.

தை மாதம் ஒன்பது நாள் காய்ச்சல்.
காய்ச்சல் போய்விட்டது.
போனபோது என்னையும் கொண்டுபோய்விட்டது.

பாம்பனில் சத்து ஊசி.
ராமநாதபுரத்தில் ரத்தம், மூன்று குழாய்.
தைராய்டு நார்மல். சர்க்கரை நார்மல்.
நெஞ்சு ஸ்கேன் எடுத்தவர்
திரையை அணைத்துவிட்டு என் புருஷனிடம் கேட்டார்:
"வீட்ல ஏதும் பிரச்சனையா?"
லிகோரி தலையைக் குனிந்துகொண்டான்.
அவனுக்குத் தெரிந்த பிரச்சனை டீசல் விலை.

நாத்தனார் ஜெனோவா ஓரியூருக்கு நேர்ந்து
செம்மண் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள்.
எதிர்வீட்டில் ஏர்வாடி என்றார்கள், மெதுவாக,
எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

சோர்வு என்றேன், இரும்பு மாத்திரை வந்தது.
களைப்பு என்றேன், டானிக்.
கிறுகிறுன்னு வருது என்றேன்,
"முழுகாம இருக்கியா?" என்றாள் நர்ஸ்.
அசதி என்றால்
யாருக்குத்தான் இல்லை அசதி,
விடியக்காலை ரெண்டு மணிக்கு
வலை இறக்கும் ஊரில்?
இருக்கிற சொற்களை எல்லாம்
நல்லா இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் லிகோரியிடம் சொன்னேன்:
மேல தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு,
அடியில நீவாடு இழுக்குது.
அவன் சாப்பிடுகிற கையை நிறுத்தினான்.
"எந்தப் பக்கம்?" என்றான்.
அவனுக்குப் புரிந்துவிட்டது.
ஆனால் நீவாட்டுக்கு
எந்த லேபில் ரத்தம் கொடுப்பது?

இன்னொன்றும் உண்டு, இதை யாரிடமும் சொன்னதில்லை.
ஆஸ்பத்திரி போகிற நாளுக்காக
மூன்று நாள் படுத்துச் சேர்த்துவைப்பேன்.
குளித்து, சேலை கட்டி, பஸ் ஏறி,
நேராக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தால்
"நல்லாத்தானம்மா இருக்க?"
அதற்கப்புறம் நாலு நாள்
தலைவாரினால் கை வலித்து,
பிள்ளை கதவைச் சாத்துகிற சத்தம்
மண்டைக்குள் சாத்தி,
தூங்கி எழுந்தால் தூங்காதவளாய் எழுந்து...
அந்த நாலு நாளை
எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

மதுரையில் போன செவ்வாய்க்கிழமை
ஒரு சின்னப் பொண்ணு, நஸ்ரின் என்று பலகையில் பெயர்.
பைலைத் தொடவில்லை.
"வேலை செஞ்சா எப்ப விழுறீங்க?
அன்னைக்கா, மறுநாளா?"

ரெண்டு வருஷம்.
இப்படி ஒரு கேள்வி இருப்பதே
எனக்குத் தெரியாது.

மறுநாள் என்றேன்.
சில சமயம் அதுக்கும் மறுநாள்.

அப்புறம்தான் பைலைத் திறந்தாள்.
நார்மல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்,
நான் ஓட்டுச் சில் தேடுவது போல, அவசரமில்லாமல்.
இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் கிடையாதும்மா,
மத்ததெல்லாம் இல்லைன்னு ஆன பிறகு
மிச்சம் நிக்கிறதுதான், என்றாள்.
நீளமாக ஒரு பெயர் எழுதினாள்.
மருந்து எழுதவில்லை.
முடியும்னு தோணுறதுல பாதி செய்யுங்க,
பாதியிலயே உட்காருங்க.

ஜெனோவா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
மாத்திரை இல்லாத வியாதி
அவளுக்கு வியாதியே இல்லை.
லிகோரி அந்தப் பெயரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தான்,
ரெண்டு தடவையும் வேறு வேறாக வந்தது.
பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனான்.
அங்கே சிரித்திருப்பார்கள்.

பாலத்தில் பஸ் ஏறினதும்
எல்லாரும் ஜன்னலுக்கு எழுந்து கடலைப் பார்த்தார்கள்.
நான் எழுந்திருக்கவில்லை, டாக்டர்.
இன்றைக்கு நான் நன்றாக இருக்கிறேன்.
நாளை மறுநாள் வாருங்கள்.
பாலம் இறங்கி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், மூன்றாவது வீடு.
கதவைத் தட்ட வேண்டாம்,
தள்ளினால் திறக்கும்.